எல்லை தாண்டிப் போன பிள்ளைகள்: வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

பெற்ற தாயோ தந்தையோ பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் சட்டம் என்ன செய்யும் என்று கேட்டு, டர்பன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் லெனேசியாவிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, ஊர்ப் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): என் மனைவி திருச்சியைச் சேர்ந்தவர், திருமணமாகி டர்பனுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகனுக்கு ஆறு வயது. இங்கேயே பிறந்தவன், தென் ஆப்பிரிக்கக் குடிமகன். தம்பி கல்யாணத்துக்காக ஆறு வாரம் போய்வருகிறேன் என்று மனைவி சொன்னதால், பயணச் சம்மதப் பத்திரத்தில் நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். திரும்பி வர வேண்டிய தேதி கடந்து இரண்டு மாதம் ஆகிறது. "இனி வரமாட்டோம், பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று" என்கிறார். ஹேக் உடன்படிக்கையின் கீழ் மனுக் கொடுத்தால் ஆறு வாரத்தில் பிள்ளை வந்துவிடுவான் என்று கோவிலில் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பதில்: உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் அவர் சொல்லியிருப்பார், ஆனால் இந்தியாவைப் பொறுத்தவரை அந்த வழி திறக்காது. பிள்ளைக் கடத்தலின் குடிமையியல் அம்சங்கள் பற்றிய ஹேக் உடன்படிக்கை, அதாவது முறையின்றிக் கொண்டுபோன பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், 1980 அக்டோபர் 25 அன்று உருவானது. தென் ஆப்பிரிக்காவில் அது 1997 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று நமது 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாடு, பிள்ளை கொண்டுபோகப்பட்ட நாடு ஆகிய இரண்டும் உறுப்பு நாடுகளாக இருந்தால் மட்டுமே அது செல்லும். இந்தியா இன்றுவரை சேரவில்லை. சேர வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2009இல் தன் 218ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, 2016இல் ஒரு மசோதா வரைவும் வெளியானது, அது சட்டமாகவில்லை. தமிழர் அதிகம் போய்வரும் நாடுகளில் சிங்கப்பூரும் இலங்கையும் உறுப்பு நாடுகள், மலேசியா உறுப்பு நாடு இல்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அதனால் வழியே இல்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். வழி உண்டு. அது நீளமானது, செலவு பிடிப்பது, இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியது.

முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வாரப் பயணத்துக்கு நீங்கள் கொடுத்த சம்மதம் ஆறு வாரத்துக்கு மட்டுமே. திரும்ப வேண்டிய நாளுக்குப் பிறகு பிள்ளையை அங்கேயே வைத்திருப்பதற்கு அது சம்மதமாகாது. நமது குழந்தைகள் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, பிள்ளை நாட்டைவிட்டு வெளியேறுவதற்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதற்கும் பாதுகாவலர் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். இல்லையேல் நீதிமன்ற உத்தரவு வேண்டும். வீட்டில் அந்தப் பத்திரத்தின் நகல் இருந்தால் எடுத்து வையுங்கள். திரும்பும் தேதி அதில் எழுதப்பட்டிருந்தால் அந்த ஒரு வரியே உங்கள் வழக்குக்குத் தூணாக நிற்கும்.

அடுத்து, இந்த வாரமே டர்பன் உயர் நீதிமன்றத்தில் அவசர மனுத் தாக்கல் செய்யுங்கள். பிள்ளையின் வழக்கமான வசிப்பிடம் டர்பன் என்றும், உங்கள் சம்மதமின்றி அவன் இந்தியாவில் வைக்கப்பட்டிருக்கிறான் என்றும் அறிவித்து, அவனைத் திருப்பிக் கொண்டுவர உத்தரவிடக் கோருவதே மனுவின் சாரம். உங்கள் மனைவிக்கு முறையாக அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். மாமனார் வீட்டில் தபாலை வாங்க மறுப்பார்களென்று அஞ்சினால், வாட்ஸ்ஆப் அல்லது மின்னஞ்சல் வழியே அனுப்ப நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். முகநூல் வழியாக அறிவிப்பு அனுப்ப 2012இல் ஒரு வணிக வழக்கில் அனுமதி தந்தது இதே டர்பன் நீதிமன்றம்தான். உத்தரவு கிடைத்ததும் அப்போஸ்டில் சான்று (ஆவணம் மெய்யானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசுச் சான்று) பெற்றுக்கொள்ளுங்கள்; இரு நாடுகளும் அந்த ஏற்பாட்டில் இருப்பதால் இந்திய நீதிமன்றத்தில் ஆவணத்தின் உண்மைத்தன்மை பற்றித் தனியாக வாதாட வேண்டிய தொல்லை குறையும்.

இந்தியாவில் உங்களுக்குள்ள முதன்மையான கருவி ஆட்கொணர்வு மனு. திருச்சி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. ஆகவே மதுரையில் வழக்காடும், குடும்ப வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். நமது நீதிமன்றத்தின் உத்தரவை இந்திய நீதிபதி அப்படியே ஏற்று நிறைவேற்றிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிரிட்டனிலிருந்து கோயம்புத்தூருக்குத் தாய் அழைத்து வந்த இரு பெண் பிள்ளைகள் பற்றிய வழக்கில், வெளிநாட்டு நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பெரும் மதிப்பளித்து அவர்களைத் திரும்பப் போகச் சொன்னது. ஆனால் 2017இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு, வெளிநாட்டு உத்தரவு கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று வரையறுத்தது. அந்த நிலைப்பாடே இன்றும் அடித்தளம். அதே வேளையில், 2019இலும் 2020இலும் 2022இலும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளைத் திரும்ப அனுப்பும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு நல்லது எது என்பதைச் சான்றுகளோடு காட்டுகிறவருக்கே அங்கே வழக்கு சாயும்.

சான்று என்றதும் பலர் பெரிய பெரிய ஆவணங்களைத் தேடிப் போகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தந்தை, பிளாஸ்டிக் உறையொன்றில் மகளின் கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நம் ஊர்த் தாய்மார் எல்லோரிடமும் இருக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகம்தான். பிறந்த நாள் முதல் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் தேதி, எடை, அதே கிளினிக்கின் முத்திரை. அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் குழந்தை கிறுக்கிய பென்சில் கோடுகூட இருந்தது. அந்தக் குழந்தை எங்கே வாழ்ந்தது என்பதை எந்தப் பிரமாணப் பத்திரத்தையும்விட அது தெளிவாகச் சொன்னது. உங்கள் மகனின் கிளினிக் புத்தகம், பள்ளி அறிக்கை, ஆசிரியையின் கடிதம், பல் மருத்துவரின் ரசீது, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அவன் எந்த விசாவில் இந்தியா போனான் என்பதும் முக்கியம். சுற்றுலா விசாவில் போயிருந்தால், தற்காலிகமாகத் தங்குவதற்கே போனான் என்பதற்கு அதுவே சாட்சி.

உங்கள் மனைவி அங்கே குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளையைத் தன் பொறுப்பில் விடக் கோரி மனுப் போட்டால், உடனே வழக்கறிஞர் மூலம் ஆஜராகுங்கள். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி, சிறுவர் 'சாதாரணமாக வசிக்கும்' இடத்திலுள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. உங்கள் மகன் சாதாரணமாக வசித்த இடம் சாட்ஸ்வொர்த் என்ற வாதம் உங்களுக்கு உண்டு. ஆஜராகாமல் விட்டுவிட்டால் அந்த வாதம் கேட்பாரின்றிப் போகும். காவல் நிலையத்தில் கடத்தல் புகார் கொடுப்பதை நம்பியிருக்க வேண்டாம். தாயும் இயல்பான பாதுகாவலர் என்பதால் அங்குள்ள போலீசார் இதைக் குடும்பத் தகராறு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு மாதம் கழிந்துவிட்டது என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு பள்ளிப் பருவத்துக்குள் புது நண்பர்களைப் பிடித்துக்கொள்வான், வீடியோ அழைப்பில் உங்களிடம் பேச்சுக் குறைந்துபோகும். அதை நீதிபதியும் பார்ப்பார். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பிள்ளையோடு பேசும் பேச்சு ஒரு வாரம்கூட நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் செலவுக்குப் பணம் அனுப்புவதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி (பைன்டவுன்): நானும் இதே நிலையில் இருக்கிறேன். விமானம் ஏறிப் போய், பள்ளி விடும் நேரத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் என்ன?

பதில்: செய்யாதீர்கள். விமான நிலையத்தில் தடுக்கப்பட்டால் அந்த நாட்டில் வழக்கும் சிறையும் உங்களுக்குக் காத்திருக்கும். தடுக்கப்படாமல் வந்து சேர்ந்தாலும், இதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் கடத்தியவராக ஆகிவிடுவீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளி வாசலில் இரண்டாவது முறையும் பிடுங்கப்படப் போவது உங்கள் மகள்.

கேள்வி (டொங்காட்): நாங்கள் கோவிலில் தாலி கட்டிக்கொண்டோம், ஹோம் அஃபேர்ஸில் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரும் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன் மனைவி மூன்று வயது மகளை அழைத்துக்கொண்டு, பெர்த்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். "சட்டப்படி நீ அவளுக்கு அப்பாவே இல்லை" என்கிறார்கள். எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உண்டு. "அப்பாவே இல்லை" என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் பட்டிருக்கும் வேதனை எனக்குப் புரிகிறது; அந்தச் சொல் சட்டப்படியும் தவறு.

நம் சமூகத்தில் இது பழைய காயம். 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய முதல் தலைமுறை தொடங்கி, நம் ஆட்கள் பந்தல் போட்டு, அக்கினி வளர்த்து, ஊர் கூடிச் செய்த கல்யாணங்களை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாகவே மதிக்காமல் இருந்தது. இன்றும் பூசகர் திருமண அதிகாரியாகப் பதிவு பெறாதவராக இருந்து, ஹோம் அஃபேர்ஸிலும் பதியாமல் விட்டால், சொத்து முதலிய பல விஷயங்களில் சிக்கல் வருகிறது. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் குழந்தைகள் சட்டம் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்கிறது. 'திருமணம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில், சமயச் சட்ட முறைப்படி, அதற்குரிய நடைமுறைகளோடு செய்துகொண்ட திருமணமும் அடங்கும். அப்படியானால் 20ஆவது பிரிவின்படி, தாயை மணந்துகொண்ட தந்தைக்குரிய முழுப் பொறுப்பும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

எதிர்த்தரப்பு இதை மறுத்து வாதாடக்கூடும் என்பதால் இரண்டாவது வாதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மணமாகாத தந்தையாகவே கருதினாலும், குழந்தை பிறந்த நேரத்தில் தாயோடு நிலையான துணைவராக வாழ்ந்தவருக்கு 21ஆவது பிரிவு முழு உரிமை தருகிறது. அப்படி வாழாதவர்கூட, தந்தையென்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, பிள்ளையின் வளர்ப்பிலும் செலவிலும் நேர்மையாகப் பங்கெடுத்திருந்தால் அதே உரிமையைப் பெறலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை, சட்டமே தருகிறது. ஆனால் அதை வெளிநாட்டில் காட்டுவதற்குத் தாள் வேண்டும். கல்யாணப் படங்கள், பத்திரிகை, பூசகரின் பிரமாணப் பத்திரம், மருத்துவமனைக் கட்டண ரசீது, நீங்கள் மூவரும் ஒரே முகவரியில் இருந்ததற்கான வாடகை ஒப்பந்தம், குழந்தைக் காப்பகத்துக்கு நீங்கள் மாதாமாதம் கட்டிய பணத்தின் வங்கிப் பதிவு ஆகிய அனைத்தையும் திரட்டுங்கள்.

ஆஸ்திரேலியா உறுப்பு நாடு. அங்கே இந்த உடன்படிக்கை 1987 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே சாட்ஸ்வொர்த் வாசகருக்கு மூடியிருக்கும் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. நம் நாட்டில் இதற்கான மைய அதிகார அமைப்பு, அரசின் தலைமைக் குடும்ப வழக்குரைஞர் (Chief Family Advocate) அலுவலகம். டர்பனிலும் குடும்ப வழக்குரைஞர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் விண்ணப்பம் கொடுங்கள். அவர்கள் அதை ஆஸ்திரேலிய மைய அதிகார அமைப்புக்கு அனுப்புவார்கள். அங்குள்ளவர்கள் தாயிடம் பேசிப் பார்த்துவிட்டு, உடன்படாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவார்கள். மைய அதிகார அமைப்பு செய்யும் வேலைக்கு உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது உடன்படிக்கையின் விதி. குழந்தையை அழைத்துவரும் பயணச் செலவு உங்கள் தலையில் விழலாம். உங்களுக்கு உரிமை உண்டா என்ற சந்தேகம் பெர்த் நீதிமன்றத்துக்கு எழுந்தால், கொண்டுபோனது முறையற்றது என்று தென் ஆப்பிரிக்க நீதிமன்றத்திடமிருந்தே ஓர் அறிவிப்பைப் பெற்றுவரும்படி கேட்க 15ஆவது விதி இடம் தருகிறது. பதிவில்லாக் கல்யாணமாக இருப்பதால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் இப்போதே அதற்குத் தயாராகுங்கள்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: வாட்ஸ்ஆப்பில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் நீதிபதி படிப்பார் என்று எண்ணி எழுதுங்கள். என்னிடம் வந்த ஒருவரின் வழக்கு, இரவு பதினொரு மணிக்கு அவர் மனம் சோர்ந்து அனுப்பிய "சரி, இருந்துட்டுப் போ, எனக்கு இனி முடியாது" என்ற ஒரே செய்தியால் பல மாதம் தடுமாறியது. பிள்ளை அங்கே இருப்பதற்கு நீங்கள் பின்னர் இணங்கிவிட்டீர்கள் என்பது, திருப்பி அனுப்ப மறுப்பதற்கு உடன்படிக்கையே ஏற்றுக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. சமாதானம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும், பிள்ளை டர்பனுக்குத் திரும்ப வேண்டும் என்ற உங்கள் நிலையில் மாற்றமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இல்லாததால்தான் உங்கள் சம்மதப் பத்திரத்தை விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. மற்ற வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணமாகாத தந்தையர் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்வதற்குத் தடையாக இருந்த சட்டப் பிரிவை 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பதியாமல் விட்டவர்கள் இனியாவது பதியுங்கள்.

கேள்வி (லெனேசியா): என் மகள் லண்டனில் வாழ்க்கைப்பட்டவள். மருமகன் அடிக்கிறார் என்று எட்டு மாதத்துக்கு முன் இரண்டு பிள்ளைகளோடும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவனுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு நான்கு. "ஆயா, எங்களை அனுப்பிடாதீங்க" என்று பெரியவன் இரவில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறான். இப்போது குடும்ப வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சொந்தத் தாய்நாட்டுக்கு வந்தது குற்றமா? பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பிவிடுவார்களா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகளுக்கு ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞர் வேண்டும். கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மிகப் பெரிய தவறாகிவிடும். வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்தை அணுகுங்கள்.

இந்த வழக்கில் நீதிமன்றம் கேட்கப்போகும் கேள்வி, பிள்ளைகள் தாயிடம் வளர வேண்டுமா தந்தையிடம் வளர வேண்டுமா என்பதன்று. அந்தக் கேள்வியை எந்த நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டுமே அது பார்க்கும். பிள்ளைகள் வழக்கமாக வாழ்ந்தது இங்கிலாந்தில் என்றால், அங்குள்ள நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்புவதுதான் உடன்படிக்கையின் பொது விதி. ஓராண்டுக்குள் வழக்குத் தொடங்கிவிட்டால் அந்த விதி கண்டிப்பாகச் செயல்படும்; ஓராண்டுக்குப் பிறகு தொடங்கினால், பிள்ளை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்று வாதாடலாம். நீங்கள் எட்டாம் மாதத்தில் இருக்கிறீர்கள். ஆகவே அந்த வாதத்தை நம்ப வேண்டாம்.

உங்கள் மகளுக்கு உள்ள வாதங்கள் 13ஆவது விதியில் இருக்கின்றன. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடலாலோ மனத்தாலோ கடும் தீங்கு நேரும் அபாயம் இருந்தால், அல்லது தாங்க முடியாத நிலைக்குப் பிள்ளை தள்ளப்படுமானால், நீதிமன்றம் மறுக்கலாம். தாயை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையும் அதில் தீங்குக்கு உள்ளாகிறது என்று வாதாட முடியும். ஆனால் 'கடும்' என்ற சொல்லை நீதிபதிகள் கறாராகவே பொருள்கொள்கிறார்கள். லண்டனில் போலீசுக்கு எப்போதாவது தொலைபேசி செய்தாளா, மருத்துவரிடம் காயத்தைக் காட்டினாளா, பள்ளியில் ஆசிரியையிடம் பிள்ளை ஏதேனும் சொன்னானா என்று கேட்டு, அந்தப் பதிவுகளை வரவழையுங்கள். பல பெண்கள் மானத்துக்கு அஞ்சி யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்கள்; அப்படியானால் அக்காளுக்கோ தங்கைக்கோ அனுப்பிய குரல் செய்திகூடச் சான்றாகும்.

பெரியவனின் பேச்சுக்கு நம் நாட்டில் தனி மதிப்பு உண்டு. திருப்பி அனுப்புவதற்குப் பிள்ளை மறுப்புத் தெரிவிக்க வாய்ப்புத் தர வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய எடை தர வேண்டும் என்று குழந்தைகள் சட்டம் சொல்கிறது. இத்தகைய வழக்கு ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கென்றே தனி வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை. அவர் உங்கள் மகளின் ஆளும் அல்லர், மருமகனின் ஆளும் அல்லர். அவர் பேரனிடம் பேச வரும்போது, என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சொல்லிக் கொடுத்த பேச்சை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; அவன் உண்மையில் படும் பயமும் அதனால் மதிப்பிழந்துபோகும்.

இப்போது, கேட்க உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் இருந்தும் பிள்ளைகளை அனுப்பும்படி உத்தரவு வரலாம். அப்படி வந்தால் அது லண்டனுக்கு அனுப்பும் உத்தரவுதான். மருமகனின் வீட்டுக்கு அனுப்பும் உத்தரவாகிவிடாது. 2000 டிசம்பரில் நம் அரசியலமைப்பு நீதிமன்றம், கனடாவிலிருந்து தாய் அழைத்து வந்த ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டபோது, தாய்மீதான கைது ஆணையை விலக்க வேண்டும், தாயும் பிள்ளையும் தங்க இடமும் செலவுக்குப் பணமும் தந்தை தர வேண்டும், அதே நிபந்தனைகளைக் கனடிய நீதிமன்றத்திலும் உத்தரவாகப் பெற்றுத் தர வேண்டும் என்றெல்லாம் விதித்தது. உங்கள் மகளின் வழக்கறிஞர், முதல் வாதம் தோற்றால் இந்த நிபந்தனைகளுக்காகப் போராட ஆயத்தமாக இருக்க வேண்டும். தனி வீடு, வாழ்க்கைச் செலவு, அருகே வரக்கூடாது என்ற தடை உத்தரவு ஆகியவற்றோடு, தாய்மீது குற்ற வழக்குத் தொடர முயலமாட்டேன் என்ற உறுதியும் வேண்டும். பிரிட்டனில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றிப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது குற்றமாகும் என்பதால், அந்தக் கடைசி நிபந்தனையை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். இவை எல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே இங்கிலாந்து நீதிமன்றத்திலும் உத்தரவாக இருக்க வேண்டும். பிறகு அங்கே, பிள்ளைகளோடு தென் ஆப்பிரிக்காவில் குடியேற அனுமதி கேட்டு உங்கள் மகள் முறையாக மனுப் போடலாம். அப்படி அனுமதி பெற்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சொந்த நாட்டுக்கு வந்தது குற்றமா என்று கேட்டீர்கள். அடிபட்ட பெண் தாய் வீட்டுக்கு ஓடி வருவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டில் வாழும் மகள்களுக்கு நம் குடும்பங்கள் ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: விமான டிக்கெட்டுக்கு முன்னால் அந்த ஊர் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவை வாங்கு, அதன் பிறகு அனுமதியோடு வா.

கேள்வி (மொரிஷியஸ், ரோஸ் ஹில்): என் மகனுக்கு இன்னும் மூன்று மாதத்தில் 16 வயது முடிகிறது. அவன் தாய் அவனை பிரான்சில் வைத்திருக்கிறார். விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்கு 16 வயதான அன்றே உடன்படிக்கை அவனுக்குச் செல்லாமல் போய்விடும். நடுவில் நிற்கும் வழக்கும் நின்றுவிடும். மொரிஷியஸும் பிரான்சும் உறுப்பு நாடுகள். நாளையே உங்கள் நாட்டு மைய அதிகார அமைப்பில் விண்ணப்பியுங்கள். 15 வயதுப் பையனின் விருப்பத்தை நீதிமன்றம் பெரிதும் மதிக்கும் என்பதால், அவன் என்ன விரும்புகிறான் என்பதையும் அவனிடமே நேராகப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (மீர்பேங்க்): என் கணவர் இந்தியக் குடிமகன்; இங்கே வேலை ஒப்பந்தம் முடியப் போகிறது. சண்டை வரும்போதெல்லாம் "மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன்" என்கிறார். மகளுக்கு நான்கு வயது. இப்போது விடுமுறைக்குச் சென்னை போக என் சம்மதம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: மேலே எழுதிய எல்லாவற்றையும்விட உங்கள் கேள்விதான் எனக்கு நிம்மதி தருகிறது, ஏனென்றால் பிள்ளை இன்னும் இங்கே இருக்கிறாள். இந்தியா உடன்படிக்கைக்கு வெளியே இருப்பதால், விமானம் ஏறும் முன்பு செய்யும் ஒரு மணி நேர வேலை, ஏறிய பிறகு செய்யும் இரண்டு ஆண்டு வேலைக்குச் சமம்.

மகளின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் கையிலோ வழக்கறிஞரிடமோ வையுங்கள். தந்தை இந்தியர் என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டோ ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டையோ எடுக்க முயற்சி நடக்கலாம். டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு, உங்கள் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதுவும் வழங்க வேண்டாம் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி வையுங்கள். மிரட்டல் வாட்ஸ்ஆப்பில் இருந்தால் அழிக்காதீர்கள். அந்தச் செய்திகளோடு உயர் நீதிமன்றத்தை அவசரமாக அணுகினால், பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடையும், பாஸ்போர்ட்டை நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் உத்தரவும் பெறலாம். அந்த உத்தரவின் நகல் எல்லைக் குடிவரவு அதிகாரிகளுக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் கிங் ஷாகா விமான நிலையத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு தடை இருப்பதே தெரியாது.

பாட்டி வீட்டைப் பார்க்கும் உரிமை பிள்ளைக்கும் உண்டு என்று நினைத்து அனுப்ப முடிவு செய்தீர்களானால், அது உங்கள் முடிவு. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் போகும் தேதி, திரும்பும் தேதி, விமான எண், தங்கும் முகவரி ஆகியவற்றை எழுதி, டர்பனே பிள்ளையின் வழக்கமான வசிப்பிடம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டை இங்குள்ள நீதிமன்றத்தின் உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். கணவர் உங்கள் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் (பிறர் பணத்தைப் பொறுப்பாக வைத்திருக்கும் கணக்கு) ஒரு தொகையைப் பிணையாக வைக்கட்டும், பிள்ளை திரும்பிய மறுநாள் அது அவருக்குத் திரும்பட்டும். சம்மதப் பத்திரத்தில் காவல் நிலையத்தில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடும்போது, அச்சடித்த படிவத்தில் தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். திரும்பும் நாளை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, அதிகாரியின் முத்திரை அந்த வரியின்மேலும் விழும்படி கேட்டு வாங்குங்கள். நகல் ஒன்றை உங்கள் தாய் வீட்டில் வையுங்கள்.